இரண்டு தட்டு

இது நடந்தது. நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. தேதி குறித்து வைத்திருக்கிறேன். நேரம் குறித்து வைத்திருக்கிறேன். என் இடது முழங்காலில் பதினான்கு தையல் இருக்கிறது. ரோட்டின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அதில் இன்னமும் ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தடிக்காரன்கோணத்தைத் தாண்டி, மலையடிவாரத்தை ஒட்டி மேற்கே போகிற ரோடுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். பகலிலேயே வெளிச்சம் குறைவு. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகள் இந்த வழியாக வரும். பள்ளிக்கூட நேரத்தில் அவற்றுக்குத் தடை. தடை தொடங்குவதற்குள் ஊர்களைக் கடந்துவிட வேண்டும் என்று விடிவதற்கு முன்பே பறக்கும். ரப்பர் வெட்டப் போகிறவர்களும் பால் கொண்டுபோகிறவர்களும் சைக்கிளில் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். ரோட்டின் அகலம் ஒரு லாரிக்கும் ஒரு சைக்கிளுக்கும் காணும். அதற்கு மேல் காணாது.

என் மனைவி ஜிஷா அந்த ரோட்டில் இறந்தாள். 2023 ஜனவரி 19, வியாழக்கிழமை, காலை 5.36. ஒரு சின்ன தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். ஆறு மணிக்கு டியூட்டி. அந்தப் பக்கம் போகிற முதல் பஸ் வருவதே 6.10க்கு. அதனால் சைக்கிள். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பெம்பிளைக்கு என்னத்துக்கு அந்த நேரத்துல சைக்கிளு?" அந்த நேரத்தில் லாரிக்கு ரோட்டில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. லாரி மழை மாதிரி. அது வரும். நாம்தான் நனையாமல் இருந்துகொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

லாரி ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கத்து ஜன்னலில் கிளி உட்கார்ந்திருப்பார். கிளீனரை எங்கள் ஊரில் கிளி என்போம். லாரி ஒரு சைக்கிளை முந்தும்போது கிளி கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். லாரியின் வால் சைக்கிளைத் தாண்டியதும் கதவில் ஒரு தட்டு. டப். தாண்டியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஓட்டுநர் வண்டியை மறுபடி இடப்பக்கம் எடுப்பார். ஒரு சைக்கிளுக்கு ஒரு தட்டு. இரண்டு சைக்கிள் போனால் இரண்டு தட்டு. இந்த ரோட்டில் சைக்கிள் மிதிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அந்தச் சத்தம் கேட்கிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை நேராக வைத்திருப்போம்.

ஜிஷாவை அடித்த லாரியின் ஓட்டுநர் ஸ்டேஷனில் சொன்னது இது: "கிளி தட்டினாரு. நான் எடுத்தேன்."

கிளி சொன்னது இது: "சைக்கிளு கழிஞ்சு போனதக் கண்ணால பாத்துட்டுதான் தட்டினேன் சார்."

தாண்டிப் போகவில்லை. அவள் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பத்து மாதம் அதைப் பொய் என்று நினைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜிஷா போன பிறகு அதை விட்டுவிட்டேன். மகள் அக்ஸாவுக்கு அப்போது இரண்டு வயது. மாமியார் தங்கபாய் எங்களோடு வந்து தங்கினார். பக்கத்து ஊர் பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை காலியாக இருந்தது. கெமிஸ்ட்ரி படித்தவன் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலை. காலை 5.45க்குத் திறக்க வேண்டும். அதே ரோடு. அதே நேரம். பைக் ஓட்டத் தெரியும். ஆனால் கால்களுக்கு நடுவில் இஞ்சின் சத்தம் எனக்கு ஆகவில்லை. சைக்கிளில் போனேன்.

2023 நவம்பர் 6, திங்கட்கிழமை. காலை 5.24.

பின்னாலிருந்து லாரி வந்தது. ஹாரன் அடித்தது. ஓரத்தில் ஒட்டினேன். உடம்பை ஒட்டிக் காற்று இழுத்தது. வால் தாண்டியது.

டப். டப்.

இரண்டு தட்டு.

மலையில் பட்டுத் திரும்பிய சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்று லாரிகள். 5.19, 5.27, 5.33. மூன்று லாரியிலும் வேறு வேறு கிளிகள். மூன்று பேரும் இரண்டு தட்டுத் தட்டினார்கள். சைக்கிளை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தேன். ரோட்டில் ஆள் இல்லை. லாரி வெளிச்சம் முதுகில் விழும்போது என் நிழல் முன்னால் நீளும். அதையும் பார்த்தேன். ஒரு நிழல்தான்.

அதற்கு மறுநாள் வண்டிகள் எனக்கு வழிவிடத் தொடங்கின.

இதை வாசிக்கிறவர் சைக்கிள் ஓட்டாதவராக இருந்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சைக்கிள்காரனுக்கு யாரும் வழிவிடுவதில்லை. கார்கள் முழங்கையை உரசிக்கொண்டு போகும். எதிரே வருகிறவர்கள் வெளிச்சத்தைத் தாழ்த்த மாட்டார்கள். அன்றைக்கு ஒரு கார் எனக்காக வேகத்தைக் குறைத்தது. நன்றாக வலப்பக்கம் ஒதுங்கி, ஐந்தடி இடம் விட்டு, பையப் போனது. எனக்கு வலப்பக்கம் இன்னொரு சைக்கிள் இருந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு.

5.31க்குக் கீரிப்பாறைப் பஸ் எதிரே வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஏலே, கல்யாண ஊர்வலமாலே போவுது? ஒருத்தனுக்க பொறத்தால ஒருத்தனா போங்கலே."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.

நான் நடு ரோட்டில் காலை ஊன்றி நின்றேன். வலப்பக்கம் பார்த்தேன். ஈர ரோடு. ரப்பர் இலைகள். வேறு ஒன்றும் இல்லை.

என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டியில் வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

நான் பயப்படவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். பத்து மாதம் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. அழுகையும் வந்ததில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டபோது கை நடுங்குகிறதா என்று நானே பார்த்தேன். நடுங்கவில்லை. அந்தக் காலையில் நடுங்கியது. அந்த ரோட்டில் என் பக்கத்தில் வருவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"ஜிஷா," என்றேன்.

அடுத்த லாரி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனது.

அன்று முதல் பேசிக்கொண்டு போனேன். ஆறு கிலோமீட்டர், முப்பது நிமிடம். மிதிக்க மிதிக்கச் சொல்வேன். அக்ஸாவுக்குச் சளி பிடித்திருக்கிறது. அக்ஸா எட்டு வரை எண்ணுகிறாள், ஐந்தை மட்டும் விட்டுவிடுகிறாள். அக்ஸா ராத்திரி ஜன்னல் பக்கம்தான் படுப்பேன் என்கிறாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், முன்னால் சின்ன சீட் வைத்து இதே வழியில் கூட்டிக்கொண்டு போவேன்.

உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு முழம் இடம் விடாதவர்கள், இப்போது செத்தவளுக்கு ஐந்தடி விட்டார்கள். அந்த ஐந்தடியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது. காலை நாலரைக்கு அலாரம் இல்லாமல் எழுந்தேன்.

நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஒரு சத்தம் கேட்டது. இறக்கத்தில் மிதிக்காமல் விட்டால் ஃப்ரீவீல் டிக் டிக் என்று ஓடுமே, அந்தச் சத்தம். என்னுடையதில் கேட்டது. நான் பிரேக் பிடித்து நின்றேன். என் சக்கரம் நின்றது.

டிக்... டிக்... டிக்...

மூன்று தடவை. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் சாயங்காலம் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மாமி அக்ஸாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மக்கா, இப்பம் ஒரு வாரமா உனக்க மொகத்துல ஒரு தெளிச்சம் இருக்கு. என்ன விசேஷம்?"

சொன்னேன். தட்டு, பஸ், ஃப்ரீவீல், எல்லாம். மாமி கேட்டு முடித்தார். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"அது எனக்க மோளு இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமி?"

"செத்தவங்க கர்த்தருக்குள்ள தூங்குதாவ. எக்காளம் ஊதின பெறகுதான் எழும்புவாவ. அவ சைக்கிள எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வரமாட்டா."

"பின்ன வாறது யாரு?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அக்ஸா கஞ்சிக்கு வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் பார்த்தது.

"நாளையிலேருந்து வெளுத்த பெறகு போ. சொசைட்டில கேட்டா பிள்ளைக்கு சொகமில்லன்னு சொல்லு. இந்தப் பிள்ளைக்கு இனி நீ ஒருத்தன்தான் உண்டு. அத மறந்துராத."

எனக்குக் கோபம் வந்தது. சொந்த மகள் வந்தால்கூட வேண்டாம் என்கிறார். வேதபாடத்தில் அப்படி இல்லையாம். துணியில் கையைத் துடைத்தேன்.

நவம்பர் 14. அன்றுதான் தட்டு மாறியது.

அதுவரை இரண்டு தட்டும் சேர்ந்து கேட்கும். டப் டப். அன்றைக்கு நடுவில் இடைவெளி. டப்... டப். மனதுக்குள் எண்ணினேன். ஒன்று.

15ஆம் தேதி. டப்... ஒன்று, இரண்டு... டப்.

அவள் பின்தங்குகிறாள் என்று நினைத்தேன். ஏற்றத்தில் ஜிஷாவுக்கு எப்போதும் மூச்சு வாங்கும். நான் வேகத்தைக் குறைத்தேன்.

16ஆம் தேதி. முதல் தட்டு கேட்டபோது லாரி இன்னும் என்னைத் தாண்டவில்லை. அதன் நடுச்சக்கரம் என் தோளுக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டு எனக்கானது இல்லை. எனக்குப் பின்னால் வருகிறவருக்கானது. பிறகு வால் தாண்டியது. எனக்கு ஒரு தட்டு.

அன்றைக்கு நான் இன்னும் மெதுவாகப் போனேன். சேர்ந்து வரட்டும் என்று.

சேரவில்லை. பின்னாலேயே வந்தது. ஃப்ரீவீல் சத்தம் ஒரே தூரத்தில் கேட்டது. நான் வேகமாகப் போனாலும். மெதுவாகப் போனாலும்.

"முன்னால வா ஜிஷா," என்றேன்.

டிக்... டிக்... டிக்...

அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பிப் பார்க்கத் தயங்கினேன்.

நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. தூறல். 5.10க்குக் கிளம்பினேன். கிளம்பும்போது அக்ஸா விழித்துக்கொண்டு அழுதது. மாமி கதவை வேகமாகச் சாத்தினார்.

5.28. ஃப்ரீவீல் சத்தம் தொடங்கியது.

அது ஏற்றம். ஏற்றத்தில் யாரும் மிதிக்காமல் வர முடியாது.

டிக்... டிக்... டிக்...

நான் அன்றைக்குப் பேசவில்லை.

5.31. பின்னால் லாரி வெளிச்சம். ரோட்டில் என் நிழல் நீண்டது. ஓரத்துக்குப் போனேன். இடப்பக்கம் ரப்பர் தோட்டத்து ஓடை. அதற்கு மேல் ஒதுங்க இடம் இல்லை.

ஹாரன்.

லாரியின் முகம் என்னைத் தாண்டியது. கதவு தாண்டியது. கதவில் தொங்கிய கையைப் பார்த்தேன். அதற்கு மேலே ஒரு முகம். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தது.

முன்சக்கரம் தாண்டியது.

நடுச்சக்கரம்.

டப்.

இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தேன்.

ஒன்று...

இரண்டு...

தட்டு வரவில்லை.

லாரி என் பக்கம் வந்தது.

பையத்தான் வந்தது. சுவர் சாய்கிற மாதிரி. ஹேண்டில்பாரின் வலது முனை தகரத்தில் உரசியது.

கத்தினேனா தெரியாது. சைக்கிளை விட்டுவிட்டு இடப்பக்கம் விழுந்தேன். ஓடைக் கல்லில் முழங்கால் மோதியது. தலைக்கு மேலே ரோட்டில் கம்பி நொறுங்குகிற சத்தம். பிரேக் சத்தம். லாரி நின்றது. இஞ்சினை அணைத்தார்கள்.

தூறல் சத்தம் மட்டும்.

அப்போது...

டிக்... டிக்... டிக்...

என் தலைமாட்டில், ரோட்டில், ஒரு சைக்கிள் மெதுவாக என்னைக் கடந்து மேட்டில் ஏறிப் போனது.

என்னுடைய சைக்கிள் லாரிக்கு அடியில் கிடந்தது.

கிளி டார்ச்சோடு ஓடி வந்தார். தலை நரைத்த, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதர். பெயர் சிலுவைமுத்து, இராஜாக்கமங்கலத்துப் பக்கம். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு லாரிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். இதையெல்லாம் பிறகு சொன்னார். அப்போது ஓடையில் இறங்கி என் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு தட்டுதான் தட்டினீரு," என்றேன்.

"ஒரு சைக்கிளுதான மக்கா கண்டேன்."

"அது யாரு?"

"பொறத்தால வந்த ஆளு. அது கழிஞ்சுது. தட்டினேன்."

"அப்பம் நான்?"

அவர் டார்ச்சைக் கீழே வைத்தார்.

"உம்ம நான் காணவே இல்ல. சத்தியமா சொல்லுதேன். நீரு வந்த இடத்துல வெறும் ரோடுதான் கெடந்துது."

"இதுக்கு முன்ன என்னப் பாத்திருக்கீரா?"

"பத்து நாளா பாக்கேன். நீரும் அந்த ஆளும். ரெண்டு தட்டு தட்டுவேன்லா."

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பெண்ணா?"

"தெரியல்ல மக்கா. மொகம் ஒருநாளும் தெரிஞ்சதில்ல. உமக்க பக்கமா தலையச் சரிச்சிருக்கும். நீரு பேசுவீரு. அது கேட்டுக்கிட்டே வரும்."

ஓட்டுநர் மேலே நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். சைக்கிள்காரன் குறுக்கே வந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது கேட்டது. அவர்மேல் கோபம் வரவில்லை. பத்து மாதமாக ஒரு கிளியைப் பொய்யன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆள்தான் அப்போது ஞாபகத்துக்கு வந்தார்.

பக்கத்தில் இருந்தது ஜிஷா வேலை பார்த்த கிளினிக்தான். அங்கேதான் கொண்டுபோனார்கள். தையல் போட டாக்டர் வருவதற்கு முன்பு காயத்தைக் கழுவியது பெமிலா. ஜிஷாவோடு ஒன்றாகப் படித்தவள், ஒன்றாக வேலை பார்த்தவள். ஜிஷாவின் அடக்கத்தன்று அழுது மயங்கி விழுந்தவள். அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் முழங்காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். இரண்டு தட்டு என்று சொன்ன இடத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"அண்ணே, இது ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"எது?"

"ரெண்டு தட்டு. ஜிஷா சொன்னாளா?"

ஜிஷா என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

பெமிலா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடைசி ரெண்டு வாரமும் லாரிக்காரங்க அவளுக்கு ரெண்டு தட்டுதான் தட்டினாங்களாம். எனக்கிட்ட மட்டும்தான் சொன்னா. ஒங்ககிட்ட சொன்னா சைக்கிள்ல போவ விடமாட்டீங்கன்னு பயம்."

"அவ பயப்பட்டாளா?"

"எங்க பயந்தா. அப்பாவாக்கும் கூட வாறாருன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. அவளுக்க அப்பா ஒங்க கல்யாணத்துக்கு முன்னயே தவறிப்போனாருல்லா. அப்பாகிட்ட பேசிக்கிட்டே வருவாளாம்."

வெளியே ரோட்டில் ஏதோ லாரி போனது.

"என்ன பேசுவாளாம்?"

"வேற என்ன அண்ணே. ஒங்களப் பத்தித்தான். ஒங்க பேரு, ஒங்க வேலை, எப்பம் எழும்புவீங்க, எந்த வழியா போவீங்கன்னு எல்லாம். மருமகன அப்பா பாத்ததில்லல்லா, அதனால தெனமும் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக் கொடுக்கேன்னு சொன்னா."

பெமிலா இன்னும் ஏதோ சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை.

நானும் அதனிடம் பேசியிருக்கிறேன். நவம்பர் 8ஆம் தேதியிலிருந்து, தினமும் முப்பது நிமிடம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

பேசியதெல்லாம் அக்ஸாவைப் பற்றி.